ரிட்டிகல மலைக்குப் போகிறவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ரிட்டிகலவுக்குப் போகலாம் என்று யாராவது வாயெடுத்தால், நம்மூர் இளைஞர்கள் கேட்கிற முதல் கேள்வி "உச்சிக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்பதுதான். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சிக்கு ஏற முடியாது, ஏறவும் கூடாது. 1941ஆம் ஆண்டு முதல் அந்த மலை கண்டிப்பான இயற்கை ஒதுக்ககம். இலங்கையில் இந்தத் தரத்தில் காக்கப்படும் காடுகள் மூன்றுதான்: ஹக்கல, யால, ரிட்டிகல. ஆய்வுக்காக அனுமதி பெற்றவர்கள் மட்டுமே மேலே போகலாம். நமக்குத் திறந்திருப்பது கிழக்கு அடிவாரத்தில் உள்ள பழைய துறவியர் மடத்தின் இடிபாடுகளும், அவற்றை ஒன்றோடொன்று இணைத்தபடி காட்டுக்குள் ஏறிச் செல்லும் கற்பாதையும்தான்.

அப்படியானால் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து எதற்குப் போக வேண்டும்? உலர் வலயத்தில் ஒரு மலை எப்படி மழையைப் பிடிக்கிறது, எப்படி ஆற்றைப் பிறப்பிக்கிறது, காட்டை எப்படி அடுக்கடுக்காக மாற்றுகிறது என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்ப்பதற்கு நமக்கு எட்டிய தூரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. கால் வலிக்க ஏறுவதற்கு வேறு மலைகள் இருக்கின்றன. இது நின்று நின்று பார்க்க வேண்டிய மலை. இந்த வழிகாட்டியும் அதற்கேற்பத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதற்படி: புறப்படுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியில் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, காட்டும் ஏதாவது ஒரு வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் வலையமைப்பை நம்ப வேண்டாம்.

வரைபடத்தில் ஹபரணைக்கும் மரதன்கடவலைக்கும் இடையே ஓடும் ஏ11 வீதியைக் கண்டுபிடியுங்கள். அந்த வீதிக்கு வடக்கே, கோடே இல்லாத வெறும் சமவெளியின் நடுவில், சமவுயரக் கோடுகள் திடீரென்று நெருங்கி ஒரு கொத்தாகக் கிடக்கும். அதுதான் ரிட்டிகல. கடல் மட்டத்திலிருந்து 766 மீற்றர். சுற்றியுள்ள தரையிலிருந்து சுமார் 600 மீற்றர். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைக் கடலிலிருந்து அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு உயரத்தைத் தட்டைத் தரையில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மத்திய மலைநாட்டுக்கு வடக்கே விரியும் சமவெளியில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது.

ஏன் இந்த இடத்தில் மட்டும் ஒரு மலை? பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தவர்களுக்கு எச்சக்குன்று என்ற சொல் நினைவிருக்கும். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. வெயிலும் மழையும் நீண்ட காலமாக நிலத்தை அரித்துக்கொண்டே வந்தன. மென்மையான பாறையும் வெடிப்புகள் மிகுந்த பாறையும் கரைந்து தரையாகிவிட்டன. கடினமானவை எஞ்சி நின்றன. சீகிரியாவும் தம்புள்ளையும் இப்படி எஞ்சியவைதான். ஆனால் அவை பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். ரிட்டிகல பல முகடுகள் கொண்ட சிறு மலைத்தொடர்; பாறைகளுக்கு இடையில் மண் தங்க இடமிருக்கிறது, பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஆகவே அதன்மேல் காடு ஏற முடிந்தது. சீகிரியாவில் பாறையைப் பார்க்கப் போகிறோம். இங்கே பாறை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: தண்ணீர் எங்கே போகிறது என்று விரலால் தொடருங்கள்

இதை வீட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டே செய்துவிடலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். மலையின் மேற்குப் பக்கத்தில் தொடங்கும் நீலக் கோடுகளைப் பின்தொடர்ந்தால் அவை சேர்ந்து மல்வத்து ஓயா ஆகின்றன. அது நாச்சதுவக் குளத்தைத் தொட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, வடமேற்காக மன்னாரை நோக்கி ஓடுகிறது. தமிழர் ஊர்களுக்குள் வரும்போது அதற்கு அருவி ஆறு என்று பெயர். 164 கிலோமீற்றர் நீளம். மகாவலிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. அதன் ஊற்றுக்கண் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது.

இப்போது கிழக்குப் பக்கத்துக்கு வாருங்கள். அங்கே வடியும் தண்ணீர் ஹுருலு வெவயின் பக்கம் சாய்கிறது. ஹுருலு வெவ யான் ஓயாவுக்குக் குறுக்கே கட்டப்பட்ட குளம். யான் ஓயா ஹொரவப்பொத்தானை வழியாக இறங்கி, நமது மாவட்டத்துக்குள் நுழைந்து, திரியாய்க்கும் புல்மோட்டைக்கும் இடையே கடலில் கலக்கிறது. புல்மோட்டைப் பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இடம் தெரியும். ஆக, ஒரே மலையின் ஒரு சரிவில் விழும் மழை மன்னார்க் கரைக்கும், மறு சரிவில் விழும் மழை திருகோணமலைக் கரைக்கும் புறப்படுகிறது. வழியில் குளங்களும் வயல்களும் குடித்துத் தீர்த்தது போக மிச்சம்தான் கடலுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் காட்டை வெட்டவிடாமல் சட்டம் போட்டு மறித்திருப்பதற்கு விலங்குகளைவிட வயல்களின் பெயரால் நன்றி சொல்லலாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: எப்போது போவது

உலர் வலயத்தின் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஒக்டோபரில் மழை பிடிக்கும். மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவக்காற்று கொட்டும். பிறகு காய்ச்சல். வைகாசி, ஆனி தொடங்கிக் கச்சான் காற்று வீசும்போது திருகோணமலை நகரில் புழுதியும் வெக்கையும்தான் மிச்சம். மத்திய மலைகளின் மறுபக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது.

வெறுங்கை என்றாலும் முழு வறட்சி இல்லை. காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கவே செய்கிறது. சமவெளியில் அதை மழையாக்க ஆளில்லை. ரிட்டிகலவில் முட்டும்போது அந்தக் காற்று மேலே ஏற வேண்டியிருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஏழு பாகை என்ற கணக்கில், 600 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ நான்கு பாகை குளிர்கிறது. ஈரம் முகிலாகத் திரள்கிறது. மூடுபனியாக இலைகளில் படிந்து சொட்டுகிறது. வயல் வெடித்துக் கிடக்கும் ஆடி மாதத்திலும் உச்சியில் மரங்கள் நனைந்திருப்பது இதனால்தான். ஹபரணைப் பக்கத்திலிருந்து காலையில் வருகிறவர்கள், நீலமாகக் காய்ந்த வானத்தில் இந்த ஒரு மலை மட்டும் வெள்ளைத் தலைப்பாகை கட்டியதுபோல் முகிலோடு நிற்பதைப் பார்க்கலாம்.

நடப்பதற்கு வசதி என்று பார்த்தால் மாசி முதல் சித்திரை வரையும், மறுபடி ஆனி முதல் ஆவணி வரையும். முதற்பருவத்தில் காடு மழையைக் குடித்துப் பசுமையாக இருக்கும். இரண்டாவதில் பாதை காய்ந்திருக்கும், மேலே சொன்ன முகிலையும் காணலாம். கார்த்திகை, மார்கழியில் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். கற்கள் பாசி பிடித்து வழுக்கும். ஓடை பெருகினால் கடப்பது சிரமம். சித்திரை விடுமுறையில் கூட்டம் இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வழி

திருகோணமலையிலிருந்து ஏ6 வீதியில் தம்பலகாமம் சந்தி, கந்தளாய், அக்போபுர, கல்ஓயா சந்தி, ஹபரணை. இதுவரை ஏறத்தாழ 85 கிலோமீற்றர். ஹபரணைச் சந்தியில் அநுராதபுரம் செல்லும் ஏ11 வீதியில் திரும்ப வேண்டும். பதினைந்து கிலோமீற்றருக்குள் கலபிட்டகல என்ற இடம் வரும். ரிட்டிகல என்று வழிகாட்டிப் பலகை இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் கிராமங்களைத் தாண்டிச் சில கிலோமீற்றர் வந்ததும் காடு தொடங்கும். கடைசித் துண்டு செம்மண் பாதை. மழைக்குப் பிறகு சிறிய கார்களுக்குச் சிரமமாக இருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அநுராதபுரம் என்று பலகை போட்ட பஸ் நிற்கிறது என்று திருகோணமலையில் ஏறிவிடாதீர்கள். அது ஹொரவப்பொத்தானை வழியாக ஏ12 வீதியில் போய்விடும். மலைக்குப் பக்கத்திலேயே வராது. கொழும்பு அல்லது குருநாகல் பஸ்ஸில் ஹபரணைச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியைப் போகவர என்று பேசி எடுப்பதே நல்லது. பாதி வழியில் இறங்கி வண்டி தேடினால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

அக்போபுரவுக்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியைக் கடக்கும். இருட்டில் கறுப்பு யானை கறுத்த வீதியில் நின்றால் வெளிச்சம் படும்வரை தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகிற தம்பிமார் இதைக் கட்டாயம் கேளுங்கள்: விடிந்த பிறகு அந்தத் துண்டுக்குள் நுழையுங்கள், பொழுதுபடுவதற்கு முன் வெளியே வாருங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். படம் எடுக்க இறங்காதீர்கள். வாழைப்பழம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பிடிமானமுள்ள சப்பாத்து, முழுக்கால் காற்சட்டை, நீண்ட காலுறை, அடையாள அட்டை, நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறைக் காசு. உண்ணி ஏறும் காடு என்பதால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகு பார்க்க வேண்டாம். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், தேனீக்களுக்குப் பிடிக்காது. சோற்றுப் பொதியை வாகனத்திலேயே வைத்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். கையில் பொதியைக் கண்டால் குரங்குகள் கேட்டு வாங்காது.

ஐந்தாம் படி: உள்ளே நடப்பது

வாயிலைத் தாண்டியதும் முதலில் வருவது பண்டா பொக்குண. பொக்குண என்றாலும் நாம் கிணறு, கேணி என்று நினைக்கும் அளவில் இல்லை. சுற்றளவு 360 மீற்றருக்கு மேல். உட்பக்கம் முழுக்கப் படிக்கட்டு. பெரும்பாலான மாதங்களில் தண்ணீர் குறைவாகவோ வற்றியோ இருக்கும். வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள். கரையில் நின்று மலையைப் பாருங்கள்: மலைக்கும் அதன் பக்கத்து முகட்டுக்கும் நடுவில் ஒரு பிளவு இறங்கி வருகிறது. மழைத் தண்ணீர் அந்தப் பிளவு வழியாகத்தான் வரும். சரிவு முடிந்து தரை மட்டமாகிற சரியான இடத்தில் கரையைக் கட்டித் தண்ணீரை மறித்திருக்கிறார்கள். தண்ணீரும் நிழலும் சேர்ந்து கிடைக்கும் இடம் உலர் வலயத்தில் அரிது. மடத்தை ஏன் மலையின் இந்தப் பக்கத்தில் அமைத்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

குளத்தைத் தாண்டியதும் கற்பாதை தொடங்குகிறது. அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். பலகைபோல் செதுக்கிய கற்களைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றுடன் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து இரண்டு கற்கள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு கல்லின் மூலையை அளவாக வெட்டி, பக்கத்துக் கல்லை அதற்குள் பூட்டியிருப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மரவேர்கள் நெம்பியும் பல இடங்களில் அந்தப் பூட்டு விலகவில்லை. சரிவு கூடும் இடத்தில் பாதை படியாக மாறும். சரிவு தணிந்தால் மீண்டும் தட்டையாகும். மலையின் சாய்வை வெட்டித் திருத்தாமல் அதன் போக்கிலேயே போகிற பாதை இது. சமவுயரக் கோடுகளைத் தாளில் மட்டும் பார்த்தவர்கள் இங்கே காலால் எண்ணிப் பார்க்கலாம்.

இடையிடையே வட்டமான மேடைகள் வரும். அவற்றைத் தாண்டினால் இரட்டை மேடைகள்: செதுக்கிய கல்லால் சுவர் எழுப்பி உயர்த்திய இரண்டு தளங்கள், நடுவில் பள்ளம், பள்ளத்துக்குக் குறுக்கே ஒற்றைக் கற்பாலம். ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் சேனன் என்ற அரசன் பாம்சுகூலிகத் துறவிகளுக்காக இங்கே மடம் கட்டியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கைவிடப்பட்ட கந்தைத் துணியை உடுத்து, கடும் நோன்பு காத்தவர்கள் அவர்கள். ஆகவே இங்கே புத்தர் சிலையும் இல்லை, தூபியும் இல்லை. சிற்ப அலங்காரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பாறைக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளோ இந்த மடத்துக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பிற்காலத்தில் காடு எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1893இல் தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் இங்கே ஆய்வு செய்த பிறகே வெளியுலகம் இதை விரிவாக அறிந்தது.

அம்மி போன்ற அரைகல்லும் கல்தொட்டியும் கிடக்கும் ஒரு கட்டடத்தை மருத்துவமனை என்று சொல்வார்கள். மூலிகையை அரைத்து, நோயாளியைத் தொட்டியில் கிடத்தி வைத்தியம் செய்தார்கள் என்பது விளக்கம். மூலிகைக்குக் குறைவில்லாத மலை என்பதால் நம்பத் தோன்றுகிறது.

ஆறாம் படி: மரங்களைப் பாருங்கள்

கற்பாதையில் ஏறும்போது எல்லோரும் கல்லையே பார்ப்பார்கள். அண்ணாந்தும் பாருங்கள்.

அடிவாரத்தில் இருப்பது நமது பக்கத்துக் காடுதான்: உலர் கலப்புப் பசுமைக் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று கந்தளாய்ப் பக்கத்து மரவேலைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்களே இந்தக் காட்டு வகைக்கு உரியவை. சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லும் சாவண்டலை மரமும் இந்தக் காடுகளுக்கு உரியது. அந்த மரத்துக்கு ஆங்கில மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர். நமது துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிப் போன மரம்; படகு கட்டவும் பீப்பாய் செய்யவும் பேர் போனது. நம்மூரில் பிறந்த பலருக்கு இது தெரியாது.

ஓடைப் பள்ளத்தாக்குக்குள் போகப்போக மரங்கள் உயர்ந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் அடிமரம் நேராக எழும். உச்சிகள் மேலே ஒன்றோடொன்று கோர்த்துக் கூரைபோட்டுவிடும். நண்பகலிலும் கற்பாதையில் வெயில் காசு காசாகத்தான் விழும். வாயிலில் தெறித்த வெக்கை இங்கே இல்லை.

இதற்கு மேல் நாம் போவதில்லை. ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே ஏற ஏற மண் மெலிகிறது, காற்று பலக்கிறது, ஈரம் கூடுகிறது. மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொள்கின்றன. கிளைகளில் பாசியும் ஒக்கிட்டும் பன்னமும் பிடிக்கின்றன. சுற்றியுள்ள சமவெளியில் காண முடியாத, ஈரமான மலைநாட்டுக்கு உரிய செடிகள் அங்கே வாழ்கின்றன. கோலியஸ் எலொங்காட்டஸ் என்ற சிறு செடி உலகத்தில் இந்த உச்சியில் மட்டுமே வளர்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜே. சி. வில்லிஸ் 1906இல் ரிட்டிகலவின் தாவரங்களைப் பற்றித் தனி ஆய்வே எழுதினார். சமவெளியால் சூழப்பட்ட இந்த மலையுச்சி, தாவரங்களுக்குக் கடல் சூழ்ந்த தீவு போன்ற நிலைதான். புது இனங்கள் எப்படித் தோன்றிப் பரவுகின்றன என்ற அவருடைய கேள்விக்கு இந்த மலை ஒரு முக்கியமான சான்றாக இருந்தது.

இங்கே அனுமன் கதையையும் சொல்லியாக வேண்டும். சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தபோது ஒரு துண்டு இங்கே விழுந்ததாம். காலிக்குப் பக்கத்து ருமஸ்ஸலவும் குருநாகல் மாவட்டத்து தொலுகந்தவும் இதே கதைக்கு உரிமை கேட்கின்றன. இராவணன் வெட்டையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. எனக்குப் பிடித்தது கதையின் உள்ளே இருக்கும் கவனிப்பு: இந்த உச்சியில் உள்ள பச்சிலைகள் கீழே இல்லை, எங்கிருந்தோ வந்தவை என்று யாரோ ஒருவர் ஏறிப் பார்த்து உணர்ந்திருக்கிறார். அந்த உணர்வுக்குத்தான் கதை விடை சொல்கிறது.

ஏழாம் படி: எங்கே நிற்பது

கடைசி மேடைகளுக்கு அப்பால் கற்பாதை முடிந்து ஒற்றையடித் தடம் மட்டும் காட்டுக்குள் போகும். திரும்ப வேண்டிய இடம் அதுதான். "நான் உச்சிக்குக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது காசுக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு என்பது ஒரு பக்கம். கரடியும் சிறுத்தையும் உள்ள காடு இது. கரடி மனிதனைக் கண்டு ஒதுங்கும் விலங்கு என்றாலும், திடீரென்று எதிர்ப்பட்டால் முகத்தைக் குறிவைத்துப் பாயும். உள்ளே இருக்கும்போதும் கூட்டமாகவே நடங்கள். கத்திப் பாட்டுப் பாடத் தேவையில்லை. சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனாலே போதும்.

இலை, வேர், கல் எதையும் எடுத்து வராதீர்கள். வைத்தியத்துக்கு என்று பாட்டி கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள். மேடைகளின் விளிம்புக் கற்களில் ஏறி நின்று படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். சில கற்கள் ஆடுகின்றன.

நின்று பார்த்துப் போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதியவர்களும் சிறுவர்களும் இருந்தால் இன்னும் கொஞ்சம். காலை ஆறு மணிக்குத் திருகோணமலையில் புறப்பட்டால் ஒன்பது மணிக்கு முன் உள்ளே இறங்கிவிடலாம். மதியம் ஒரு மணிக்கு ஹபரணையில் சோறு. மூன்று மணிக்குள் ஹபரணையைவிட்டு வெளிக்கிட்டால் யானைகள் இறங்கும் நேரத்துக்கு முன் அக்போபுரவைத் தாண்டிவிடலாம். வழியோரக் கடைகளில் சட்டித் தயிர் வாங்க நிற்பதற்கும் நேரம் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் உச்சியில் ஏறி நிற்காமல் மனம் ஆறாது என்பவர்கள், சீகிரியாவுக்குப் பக்கத்துப் பிதுரங்கலைக்குப் போகலாம். அங்கே ஏறுவதற்குத் தடையில்லை. கடைசியில் பாறைகளுக்கு இடையே கை ஊன்றி ஏற வேண்டியிருக்கும் என்பதால் ஏறிய திருப்தியும் கிடைக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திருகோணமலையிலிருந்து போய்வரத் திட்டமிடாதீர்கள். ஹபரணையில் ஓர் இரவு தங்கி, முதல் நாள் ரிட்டிகல, மறுநாள் விடியற்காலை பிதுரங்கலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.